பணத்தை எண்ணலாம், ‘மனி’யை எண்ண முடியாது

பிப்ரவரி 9

வாசகர் ஒருவரின் கேள்வி: “பணத்தை எண்ணித்தானே வாங்குகிறோம், எண்ணித்தானே கொடுக்கிறோம்? அதை எண்ணுவதற்கென்றே இயந்திரம்கூட வந்துவிட்டது. அப்புறம் ஏன் ஆங்கிலத்தில் ‘மெனி மனி’ தப்பு, ‘மச் மனி’ சரி? இலக்கணம் எழுதியவர்கள் பணத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லையா?”

பார்த்திருப்பார்கள். நாம் எண்ணுவது நோட்டை, நாணயத்தை. பணத்தை இல்லை. தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். “எத்தனை நோட்டு?” என்று கேட்கலாம். “எத்தனை பணம்?” என்று யாராவது கேட்பார்களா? “எவ்வளவு பணம்?” என்றுதான் வாயில் வரும். எத்தனை நாள், எவ்வளவு நேரம். எத்தனை குடம், எவ்வளவு தண்ணீர். ஆங்கிலத்தின் மெனியும் மச்சும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

விதி வேண்டுமென்றால் இவ்வளவுதான். மச், லிட்டில், எ கிரேட் டீல் ஆஃப் ஆகியவை எண்ண முடியாத பெயரோடு போகும். மெனி, ஃப்யூ, செவரல் ஆகியவை எண்ணக்கூடிய பெயரோடு, அதுவும் பன்மையோடு போகும். சம், எனி, இனஃப், எ லாட் ஆஃப், பிளென்டி ஆஃப் எல்லாம் ரெண்டு பக்கமும் போய்வரும். சந்தேகம் வந்தால் ‘எ லாட் ஆஃப்’ போட்டுத் தப்பித்துவிடலாம். நான் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

பிப்ரவரி 9, இரவு

தப்பித்துவிடலாம் என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. ‘எ லாட் ஆஃப்’ போட்டபிறகு வினைச்சொல் வந்து மாட்டிவிடும். ‘எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்’, ஆனால் ‘எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர்’. வினை பார்ப்பது பின்னால் நிற்கும் பெயரை, லாட்டை அல்ல. ஆகவே அந்தப் பெயர் எண்ணக்கூடியதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப வழியில்லை.

பிப்ரவரி 11

ரெண்டு நாளாக இது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பணம், தண்ணீர், நேரம் என்று நான் எடுத்துக்கொண்டது எல்லாமே எனக்குச் சாதகமான உதாரணங்கள். உண்மையில் நாம் தப்புச் செய்வது இவற்றிலா? ‘மெனி வாட்டர்’ என்று எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தப்பு நடக்கும் இடமே வேறு.

தகவல். ஒரு தகவல், ரெண்டு தகவல், பல தகவல்கள். அறிவுரை, செய்தி, சான்று, மென்பொருள், கருவி, ஆராய்ச்சி என்று எதை எடுத்தாலும் தமிழில் தாராளமாக எண்ணலாம், ‘கள்’ சேர்க்கலாம். ஆங்கிலத்துக்குப் போனால் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எவிடென்ஸ், சாஃப்ட்வேர், எக்விப்மென்ட், ரிசர்ச் எல்லாம் எண்ண முடியாத பக்கம் போய் உட்கார்ந்திருக்கின்றன. ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதுகிறவருக்கு மச்-மெனி விதி தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். தமிழில் எண்ணிவிட்டு வருகிறார், அதனால் விதியைச் சரியாகப் பின்பற்றியே தப்பான இடத்துக்குப் போகிறார்.

ஆக, முதல் நாள் நான் கொடுத்த எத்தனை–எவ்வளவு சோதனை, தேவையில்லாத இடத்தில் கச்சிதமாக வேலை செய்யும், தேவையான இடத்தில் காலை வாரிவிடும். அதை நம்பி யாரும் தேர்வு எழுதப் போய்விடாதீர்கள்.

இதில் நாம் தனியாகவும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் தகவலை எண்ணுகிறவர்கள்தான், அவர்கள் மொழியில் அதற்குப் பன்மை உண்டு. அவர்களும் ஆங்கிலம் எழுதும்போது இதே பள்ளத்தில் விழுகிறார்கள்.

பிப்ரவரி 11, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் எண்ண முடியுமா முடியாதா என்பது பொருளின் இயல்பு இல்லையா?” என்று கேட்டிருக்கிறார் அதே வாசகர்.

இல்லை. ஆங்கிலத்தில் கோதுமை ‘வீட்’, எண்ண முடியாது, ஒருமை வினை. ஓட்ஸ் பன்மை, ‘ஓட்ஸ் ஆர்’. ரெண்டும் தானியம், மணியின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் பக்கம் பாருங்கள். “எத்தனை கூழாங்கல்?” சரி. “எத்தனை ஜல்லி?” என்று கேட்டால் லாரிக்காரர் சிரிப்பார், “எவ்வளவு ஜல்லி?” என்றுதான் கேட்க வேண்டும். ஜல்லியும் கல்தானே? எண்ணிக்கை கல்லில் இல்லை, அதற்கு வைத்த பெயரில் இருக்கிறது.

பிப்ரவரி 12

“‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ ரெண்டும் ஒன்றுதானே?” என்று கேட்டவருக்கு. இதில் நான் பட்ட அடி இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. ஒரே ஒரு முறை மறுதிசையில் ஒரு சின்ன வேலை வந்தது. மூலத்தில் ஒரு வரி: “குளிர்விக்கும் திரவம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இயந்திரத்தை ஓட்டலாம்.” நான் எழுதியது ‘இஃப் தேர் இஸ் லிட்டில் கூலன்ட் லெஃப்ட்’ என்று தொடங்கி, ஓட்டலாம் என்று முடிந்தது.

திருத்துநர் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினார். பக்கம் முழுக்க வேறு குறி எதுவும் இல்லை. ‘லிட்டில்’ என்ற சொல்லுக்கு முன்னால் சிவப்பு மையில் ஒரே ஓர் எழுத்து, ஆங்கிலத்தின் முதல் எழுத்து, சின்னதாக. ஓரத்தில் ஒரு கேள்வி: “ஓட்டச் சொல்கிறீர்களா, எரிக்கச் சொல்கிறீர்களா?”

‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, சமாளிக்கலாம். வெறும் ‘லிட்டில்’ என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். திரவம் கிட்டத்தட்ட வற்றிவிட்டதா, அப்படியானால் தாராளமாக ஓட்டு என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழில் ‘கொஞ்சம் இருக்கிறது’, ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்று ரெண்டு உண்டு. முதலாவது ஆறுதல், ரெண்டாவது எச்சரிக்கை. ‘தான்’ வந்தால் ‘எ’ போகும், ‘தான்’ போனால் ‘எ’ வரும். எண்ணக்கூடியவற்றுக்கும் இதே கணக்குதான். ‘எ ஃப்யூ’ சிலர் வந்தார்கள், ‘ஃப்யூ’ சிலர்தான் வந்தார்கள். இந்தச் சோதனை இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

பிப்ரவரி 12

‘க்வைட் எ ஃப்யூ’ என்றால் நிறைய. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 15

ஒருவர் ‘ஐ ஹேவ் மச் மனி’ சரியா என்கிறார். இலக்கணப்படி குற்றம் இல்லை. ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மச் என்ற சொல்லுக்குக் கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் இயல்பான குடியிருப்பு. ‘டூ யூ ஹேவ் மச் டைம்?’, ‘ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்.’ இருக்கிறது என்று சொல்லும் வாக்கியத்தில் தனியாக வந்தால் விறைப்பாக இருக்கும், அங்கே ‘எ லாட் ஆஃப்’ வந்துவிடும். முன்னால் ‘டூ’, ‘ஸோ’, ‘ஆஸ்’ என்று ஏதாவது துணை இருந்தால் போதும், மச் மறுபடி சகஜமாகிவிடும்: ‘டூ மச் வொர்க்’, ‘ஸோ மச் நாய்ஸ்’.

நான் முதல் நேர்காணலில் ‘ஐ ஹேவ் மச் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றேன். விதியெல்லாம் பார்த்துத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் தலையை லேசாகச் சாய்த்தார். வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் மச் இல்லை, அனுபவமே இல்லாததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 18

ஒரு கண்டுபிடிப்பு, கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. எண்ண முடியாத பெயர்களில் பல குடும்பம் குடும்பமாக வருகின்றன. மெஷினரி, ஜுவல்லரி, சீனரி, ஸ்டேஷனரி, கட்லரி எல்லாம் ‘அரி’யில் முடிகின்றன. லக்கேஜ், கார்பேஜ் ஆகியவை ‘ஏஜ்’. சாஃப்ட்வேர், ஹார்ட்வேர் ஆகியவை ‘வேர்’. தனித்தனிப் பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் இந்த ஒட்டுகளின் வேலை. மூட்டைக்குள் இருப்பதை எண்ணலாம்: மெஷின், ரிங், சூட்கேஸ். மூட்டையின் பெயரை எண்ண முடியாது.

நம் ‘சாமான்’ இதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. வீடு மாறும்போது “எவ்வளவு சாமான்!” என்றுதான் மலைத்துப்போகிறோம். தட்டுமுட்டுச் சாமானை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? ஆகவே லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட் மூன்றையும் மனத்துக்குள் ஒரு தடவை ‘சாமான்’ என்று மாற்றிவிட்டு எழுதினால், ‘ஸ்’ தானாக உதிர்ந்துவிடும். கருவி என்று நினைத்தால்தான் ‘எக்விப்மென்ட்ஸ்’ வருகிறது.

பிப்ரவரி 19

பேட்டரி. கேலரி. பேக்கரி. பேக்கேஜ். மெஸேஜ். வில்லேஜ்.

ஒரே வாசகர் ஆறு சொல்லை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார், ஒரு வாக்கியம்கூட இல்லை. எல்லாமே எண்ணக்கூடியவை. சரி, நேற்றைய கண்டுபிடிப்பு சந்தேகம் வரும்போது ஊகிக்க உதவும், அவ்வளவுதான். ‘சாமான்’ பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 23

லெஸ், ஃப்யூவர் சண்டை. வரும் என்று தெரியும்.

பாடம் சொல்வது: எண்ண முடியாததற்கு லெஸ், எண்ணக்கூடியதற்கு ஃப்யூவர். ‘லெஸ் வாட்டர், ஃப்யூவர் பாட்டில்ஸ்.’ தேர்வில் இப்படியே எழுதுங்கள். ஆனால் கடைகளில் பணம் கட்டும் வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ (பத்துப் பொருளோ அதற்குக் குறைவோ) என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஆங்கிலம் அழிகிறது என்று புலம்ப வேண்டாம். எண்ணிக்கையோடு லெஸ் சேர்வது 9ஆம் நூற்றாண்டிலேயே, ஆல்ஃபிரட் அரசர் காலத்து ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அப்போதைய அமைப்பில் அது ‘சொற்களில் குறைவு’ என்பதுபோல வரும். வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோக, லெஸ் நேராகப் பன்மையின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

ஃப்யூவர்தான் நல்லது என்று முதலில் எழுதியவர் ராபர்ட் பேக்கர், 1770இல். அவரும் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை, தன் ரசனையாகத்தான் சொன்னார். அந்த ரசனை கை மாறிக் கை மாறி விதியாகிவிட்டது. 2008இல் டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் பிரிட்டனில் தன் பலகைகளை ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. லெஸ்ஸும் வேண்டாம், ஃப்யூவரும் வேண்டாம், ஆளை விடு என்கிற முடிவு. எனக்குப் பிடித்த முடிவும் அதுதான்.

இன்னொன்று. நேரம், தூரம், பணம் மூன்றிலும் எண் இருந்தாலும் லெஸ்தான்: ‘லெஸ் தேன் டென் மினிட்ஸ்’. பத்து நிமிஷம் என்பது அங்கே பத்து தனித்தனிப் பொருள் இல்லை, ஒரே நீளம். இங்கே ஃப்யூவர் போட்டு ஒருவரை நான் திருத்தியிருக்கிறேன். அவர் பாவம், நன்றிகூடச் சொன்னார். அவர் எழுதியிருந்ததுதான் சரி.

மார்ச் 1

மொழியியல் பக்கம் கொஞ்சம் ஒதுங்கினேன். எண்ண முடியாத சொற்களை ‘மாஸ் வர்ட்’ என்று தனியாகப் பெயரிட்டுப் பேசியவர்களில் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பெர்சன் முக்கியமானவர். அதைவிட என்னை உட்காரவைத்தது ஒரு கற்பனை இயந்திரம். தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் சொன்ன யோசனை, பெல்லட்டியர் என்பவர் 1975இல் கட்டுரையில் எழுதினார். எந்தப் பொருளைப் போட்டாலும் அரைத்துக் கூழாக்கித் தள்ளும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியைப் போடுகிறோம். மறுபக்கம் வந்து விழுவதைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘தேர் இஸ் சேர் ஆல் ஓவர் த ஃப்ளோர்’ என்று சொல்லலாம். எண்ணக்கூடிய ‘சேர்’, ‘எ’யும் இல்லாமல் ‘ஸ்’ஸும் இல்லாமல் வந்தால் உடனே கூழாகிவிடும்.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். “தரை முழுக்க நாற்காலி.” கூழ் எங்கே? நடக்க இடமில்லாமல் நிறைய நாற்காலி கிடக்கிறது என்றுதான் அர்த்தமாகிறது! என்ன அரைத்தாலும் தமிழ் நாற்காலி முழுசாகவே வெளியே வருகிறது.

காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ ரெண்டும் சரி. மாடு என்ற சொல் ஒன்றா பலவா என்று தன்னளவில் சொல்வதில்லை, வினைதான் சொல்கிறது. இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது நன்னூல். அஃறிணையில் ‘கள்’ வந்தால் வரும், வராவிட்டால் குறை இல்லை. பத்து நாற்காலி, நூறு மரம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஸ்’ஸைப் போடாவிட்டால் பொருளே மாறும். போடக்கூடாத இடத்தில் போட்டால் சிவப்பு மை. ‘கள்’ளும் ‘ஸ்’ஸும் ஒன்றுதான் என்று பள்ளியில் படித்தோமே, அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 2

பிப்ரவரி 9 குறிப்பில் எத்தனை எண்ணக்கூடியதற்கு, எவ்வளவு எண்ண முடியாததற்கு என்று அடித்துச் சொன்னேன். “எத்தனை அழகு! எத்தனை அன்பு!” என்று வியப்பதில்லையா என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். வியக்கிறோம். “எவ்வளவு பேர் வந்தார்கள்?” என்று கேட்கவும் செய்கிறோம். தமிழில் வேலி இருக்கிறது, ஆனால் தாண்டினால் யாரும் அடிக்க வருவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹவ் மச் பீப்பிள்’ என்றால் உடனே திரும்பிப் பார்ப்பார்கள்.

மார்ச் 7

“கட்டாயம் எண்ணியே ஆக வேண்டும் என்றால்?” நல்ல கேள்வி. தண்ணீரைக் குடத்தால் எண்ணுவதுபோல, இதற்கும் ஒரு பாத்திரம் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம் ‘பீஸ் ஆஃப்’. டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ், எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர், எ பீஸ் ஆஃப் நியூஸ். தமிழில் எழுதினால் துண்டு, சமாதானம், பட்டாணி மூன்றும் ஒரே ‘பீஸ்’ஸாகிவிடுவது நம் தலையெழுத்து.

பட்டாணி என்றதும் நினைவு வருகிறது. ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்பதே முதலில் அரிசி, கோதுமை மாதிரி மொத்தமான பெயர். கடைசியில் ஒலிக்கும் எழுத்தைப் பன்மை என்று தப்பாக நினைத்து, அதை வெட்டிவிட்டு 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்று ஓர் ஒருமையை உண்டாக்கினார்கள். அவர்களே ஒரு தடவை தப்பாக எண்ணி, அந்தத் தப்பை அகராதியிலும் ஏற்றிக்கொண்டார்கள். நாம் ‘அட்வைஸஸ்’ என்றால் மட்டும் கோபம் வருகிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ‘பீஸ் ஆஃப்’ போட்டால் தப்பில்லை, சப்பென்று இருக்கும். ஆங்கிலத்தில் அதிர்ஷ்டத்துக்கு ‘ஸ்ட்ரோக்’, உண்மைக்கு ‘கிரெய்ன்’, மின்னலுக்கு ‘ஃப்ளாஷ்’. நம்மிடமும் உப்புக்குச் சிட்டிகை, தண்ணீருக்கு மிடறு, வெளிச்சத்துக்குக் கீற்று, மண்ணுக்குப் பிடி. “ஒரு துண்டு வெளிச்சம்” என்று எழுதினால் உங்கள் காதுக்கு எப்படிப் படுமோ, எல்லாவற்றுக்கும் ‘பீஸ்’ போட்டால் அவர்கள் காதுக்கு அப்படித்தான் படும்.

மார்ச் 7, இரவு

‘டூ காஃபீஸ்’ என்கிறார்களே, காபியை எண்ணலாமா என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டார்கள். அங்கே எண்ணுவது கோப்பையை, அது வாய்க்குள் மறைந்துவிட்டது. நாம் “ரெண்டு லிட்டர் ஊற்று” என்று பாலை மறைக்கிறோம். பள்ளியில் முகத்தலளவை ஆகுபெயர் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். அவர்கள் பாத்திரத்தை மறைக்கிறார்கள், நாம் உள்ளே இருப்பதை மறைக்கிறோம்.

அதேபோல ‘எக்ஸ்பீரியன்ஸ்’ ரெண்டு உண்டு. வேலையில் சேர்ந்த பழக்கம் எண்ண முடியாதது. நடந்த சம்பவங்கள் என்றால் ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’ தாராளமாக வரும். ‘ஹேர்’ தலையில் இருக்கும்வரை எண்ண முடியாது, சாப்பாட்டில் கிடந்தால் எண்ணலாம்.

மார்ச் 13

நானே இன்று ஒரு கடிதத்தில் ‘ஃபீட்பேக்ஸ்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். கருத்துகள், பின்னூட்டங்கள் என்று மனத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு மாதமாக ஊருக்கு உபதேசம்!

இனிமேல் ஒன்று செய்யப் போகிறேன். புதுச் சொல்லைக் குறித்துவைக்கும்போது தனியாக எழுதுவதில்லை. ‘எவிடென்ஸ்’ இல்லை, ‘மச் எவிடென்ஸ்’. ‘கிளூ’ இல்லை, ‘மெனி கிளூஸ்’. துணையோடு சேர்த்தே குறிப்பேட்டில் ஏறட்டும். பழைய பக்கங்களையும் திருத்தத் தொடங்கிவிட்டேன். ‘டேட்டா’வில் வந்து நிற்கிறேன். அது பிறப்பால் பன்மை, அதன் ஒருமை ‘டேட்டம்’. ஆனால் கணினிக்காரர்கள் அதைத் தண்ணீர்போலப் புழங்குகிறார்கள், ‘டேட்டா இஸ்’ என்கிறார்கள். அறிவியல் கட்டுரைகளில் ‘டேட்டா ஆர்’ இன்னும் வருகிறது. நான் கையேடு எழுதுகிறவன், மச் பக்கம் எழுதிவைத்தேன்.

மார்ச் 14

முதலில் கேள்வி கேட்ட வாசகரிடமிருந்து இன்று ஒரு வரி வந்தது: ‘மச் தேங்க்ஸ் ஃபார் யுவர் மெனி அட்வைஸஸ்.’

வேண்டுமென்றே எழுதினாரா என்று தெரியவில்லை. மச்சையும் மெனியையும் இடம் மாற்றிவிட்டு, கடைசி ‘ஸ்’ஸை எடுத்தாலும் ‘மச் அட்வைஸ்’ விறைப்பாகத்தான் நிற்கும். பிப்ரவரி 15 குறிப்பைப் பாருங்கள். ஆனால் ‘தேங்க்ஸ்’ என்னை மறுபடி இழுத்துவிட்டது. ‘மெனி தேங்க்ஸ்’ சரி, அதனால் எண்ணக்கூடியது என்று நினைப்போம். ‘டூ தேங்க்ஸ்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘எ தேங்க்’ கிடையவே கிடையாது. ‘தேங்க் யூ’ என்று வினையாக்கினால் பின்னால் வருவது மெனி இல்லை, ‘வெரி மச்’. குறிப்பேட்டில் இதை எந்தப் பக்கம் எழுத?